லயம் ஒரு ஊரா?

கேள்வி, ஒரு வாசகர், 8 பெப்ரவரி 2025

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆகிவிட்டது என்கிறார்கள். இன்னும் ஏன் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் கட்டிய லயத்திலேயே, அந்த வரிசை வீடுகளிலேயே, இருக்கிறார்கள்? பிடிக்கவில்லை என்றால் கிளம்பிப் போகலாமே. அது கம்பெனி தன் வேலையாட்களுக்குக் கட்டிய குடியிருப்பு. அதைப் போய் ஊர் என்று சொல்வது சரியில்லை என்பது என் எண்ணம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 பெப்ரவரி, காலை

நான் லயத்தில் பிறந்தவள். தலவாக்கலைப் பக்கம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

கிளம்பிப் போகலாமே என்கிறீர்கள். எங்கே என்று எழுதவில்லை.

1824இல் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கம்பளைக்குப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் போட்டார். கண்டிச் சீமைக் கிராமத்து ஆட்களுக்குச் சொந்தமாக வயலும் காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரும் இருந்தன, தோட்டத்துக்குள் நிரந்தரமாக அடைந்துகிடக்க அவர்கள் வரவில்லை. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பஞ்சம், கடன், நிலமில்லாத சனம். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் கட்டினான். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. என் பூட்டனும் அந்த வழியில் நடந்து வந்தவர்தான். ஏழு தலைமுறையாக அந்த மண்ணில் கிடக்கிறோம். 2023இல் அந்த 200 வருடத்தை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் மறுபடி நடந்ததே, அப்போது நானும் ஒரு நாள் கூட நடந்தேன். சாலை தார் போட்டிருந்தது, தண்ணீர் கொடுக்க வழியெங்கும் ஆட்கள் நின்றார்கள். அப்படியும் கால் கொப்பளித்துவிட்டது.

ஊரா இல்லையா என்பதை இரவு எழுதுகிறேன். ஞாயிறு வகுப்புக்கு நேரமாகிறது.

9 பெப்ரவரி, இரவு

ஊர் என்றால் என்ன என்று நாள் முழுக்க யோசித்தேன். ஒன்றுதான் தோன்றியது. விலாசம்.

நான் உயர்தரம் முடித்த வருடம் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டேன். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. எங்களுக்குக் கடிதம் வீட்டுக்கு வராது. தபால்காரர் தோட்ட ஆபீஸோடு திரும்பிவிடுவார். அங்கிருந்து யாராவது எடுத்து, பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், இல்லையென்றால் மேசையிலேயே கிடக்கும். என் கடிதம் ஒன்பது நாள் கிடந்தது. என் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து நாலு நாள்.

உறையில் என் பெயர், அப்பா பெயர், டிவிசன் என்கிற தோட்டப் பிரிவு, தோட்டம், நகரம். அவ்வளவுதான். வீட்டு இலக்கம் இல்லை, தெரு இல்லை. ஒரே டிவிசனில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் கடிதம் மூன்று வீட்டுக்கும் போய் வரும், உடைத்தும் வரும்.

ஆக நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. விலாசமே கிடையாதே, எப்படி ஊர்?

10 பெப்ரவரி

திருத்தம். அம்மாவிடம் போனில் கேட்டேன், திட்டு வாங்கினேன்.

பூட்டன் நடந்து வரவில்லை. துறையூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் மண்டபம் வந்து, கேம்பில் தங்க வைத்து, ஊசி போட்டு, உடம்பைப் பார்த்து, தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு வந்தவர். தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில், எங்கள் பேச்சில் கோச்சி. அந்தக் கப்பலும் ரயிலும் இணைந்து ஓடத் தொடங்கியது 1914இல். அவர் அதற்குப் பின்னால் வந்தவர். நடந்து வந்து செத்தவர்கள் அதற்கும் முந்திய கோப்பிக் காலத்து ஆட்கள்.

அதனால் ஏழு தலைமுறை என்று எழுதியதும் தப்பு. பூட்டன், தாத்தா, அப்பா, நான். நான் நாலாவது. மேடைகளில் கேட்டுக் கேட்டு ஏழு என்று வாயில் ஒட்டிக்கொண்டது. “நாலு தலைமுறை போதாதாடி, ஏழு வேணுமா?” என்றார் அம்மா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 200 வருடமும் எல்லாரும் லயத்திலேயே குடியிருந்தார்கள் என்பதும் சரியில்லை. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். வந்தவர்களில் நிறையப் பேர் பறிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது, பத்து இருபது வருடத்தில் கோப்பியே அழிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கோப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரா வாரம் கொழுந்து வந்துகொண்டே இருக்கும், வருடம் முழுக்க ஆள் வேண்டும், அதுவும் பெண் ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்து தங்கியது அப்புறம்தான். லயத்தில் குடும்பத்தைக் கட்டிப்போட்டது அந்தச் செடிதான்.

12 பெப்ரவரி

லயம் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நேற்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன், அதனால் நீளமாகத்தான் வரும்.

ஒரு நீளக் கட்டடம், மேலே தகரம். அதைக் குறுக்கே சுவர் வைத்து அறுத்தால் காம்பரா. ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சிறு திண்ணை. எங்கள் வீட்டில் இஸ்தோப்பில் பாதியை அடைத்துத்தான் அடுப்பு. சன்னல் இல்லை. புகை போக வழி கதவுதான், எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டுக் கூரையின் உள்பக்கம் கறுப்புத்தான். எங்களுடையது ஒற்றை லயம். இரட்டை லயம் என்று முதுகோடு முதுகு ஒட்டியதும் உண்டு, அதில் பின்பக்கம் காற்றே வராது.

இந்த ஒரு காம்பராவில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, நான், தம்பி. யாருக்காவது கல்யாணம் என்றால் குறுக்கே ஒரு சேலையைக் கட்டுவார்கள். நான் வயதுக்கு வந்தபோது என்னை உட்கார வைக்க மூலை இல்லாமல் இஸ்தோப்பில் சாக்குக் கட்டி மறைத்தார்கள். மழை, ஆடி மாதக் காற்று. சாக்கு நனைந்து முகத்தில் அடிக்கும்.

விடியக்காலை ஐந்து மணிக்குள் லயம் எழுந்துவிடும். தாத்தா காலத்தில் தப்புப் பறை அடித்து எழுப்புவார்களாம், என் காலத்தில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சங்கு. அடுத்த வீட்டில் ரொட்டி தட்டுகிற சத்தம் எங்கள் சுவரில் கேட்கும். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, ரொட்டியைத் துணியில் முடிந்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடுவார். அங்கே கணக்கப்பிள்ளை எந்த மலைக்கு எத்தனை ஆள் என்று பிரிப்பார். பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போச்சு. கைப்பிள்ளை என்றால் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போக வேண்டும். நானும் அங்கே கிடந்தவள்தான். பத்து மணிக்கு அம்மா பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி ஓடி வருவார், கூடை முதுகிலேயே இருக்கும்.

சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டுச் சண்டை பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். ஒரு வீட்டு இருமலும் கேட்கும். பாட்டிக்கு இரவில் மூச்சு வாங்கியபோது நாங்கள் யாரும் கூப்பிடாமலே மூன்றாம் காம்பரா மாமா டோர்ச் லைட்டோடு வந்து நின்றார். துண்டு எடுத்து, கம்பளியில் தூளி கட்டி, லொறி வரும் வரைக்கும் பாட்டியைத் தூக்கி நடந்தது லயத்து ஆண்கள்தான். அந்தச் சுவர் கூரை வரைக்கும் இருந்திருந்தால் மாமாவுக்குக் கேட்டிருக்குமா என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. அதே சுவரால் நான் படிக்க முடியாமல் அழுததும் உண்டு.

தண்ணீருக்குப் பீலி. மலையிலிருந்து வருகிற ஊற்றுக்கு மூங்கிலோ தகரமோ வைத்து வழிய விடுவது. பெண்களின் நியாயம், வழக்கு, பெண் பார்ப்பது எல்லாம் அங்கேதான்.

13 பெப்ரவரி

மேலே “துண்டு எடுத்து” என்று எழுதினேன். அது ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்ட மருந்துக்காரர் எழுதித் தரும் சீட்டு. ஒருவர் அதைப் பழைய ‘துண்டு முறை’ என்று நினைத்துக் கேட்டிருக்கிறார். இல்லை, அது வேறு.

அந்தத் துண்டு கடன் சீட்டு. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டுகிற தோட்டம் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலை கிடைக்காது. கப்பல் செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கடன் கணக்கில் ஏறியிருக்கும். கடனை அடைக்கத் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும், வேலை செய்யச் செய்யக் கடையில் கடன் ஏறும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். இலங்கைக்காரர்கள் ‘கிளம்பிப் போகலாமே’ என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது கிளம்பினால் பொலிஸ் பிடித்துக்கொண்டு வரும்.

சரி, அதற்குப் பிறகு போயிருக்கலாமே என்பீர்கள். 1947 தேர்தலில் எங்கள் சனத்தின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம். தகப்பன் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் காட்டு என்றார்கள். பிறப்புப் பதிவு யாரிடம் இருந்தது? 1949இல் வாக்கும் போனது. நாடு இல்லாத ஆள் எங்கே போய்க் காணி வாங்குவது, எந்த அரசாங்க வேலைக்கு மனுப் போடுவது? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் லயத்தில் ஒருவரிடமாவது கேட்டார்களா? எல்லாருக்கும் குடியுரிமை என்று முழுசாகச் சட்டம் வந்தது 2003இல். அப்போது நான் படித்து வேலைக்கும் வந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது, கேள்வி கேட்டவர் மேல் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தானே கேட்டார்.

16 பெப்ரவரி

போனவர்கள் கதை. அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, இந்தியாவுக்குப் போனவர். நான் பிறக்கும் முன்பே.

தலவாக்கலையில் கோச்சி ஏறும்போது லயமே ஸ்டேஷனில் நின்று அழுததாம். தாத்தா கடைசிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மேடை முடியும் வரைக்கும் ஓடினாராம். தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் கேம்ப். கவனித்தீர்களா? பூட்டனுக்கு ஊசி போட்ட அதே மண்டபம்தான் பேத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

அத்தை குடும்பத்துக்குத் துறையூரில் யாரையும் தெரியாது. நீலகிரியில் தேயிலையில் வேலை என்றார்கள். இப்படித் திரும்பி வந்தவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலை போடத் தொடங்கியது, பிறகு 1976இல் அது டான்டீ என்ற கழகமானது. சேரம்பாடியில் அத்தைக்கு வேலை கிடைத்தது.

நான் 2011இல் போய்ப் பார்த்தேன். கூடலூரிலிருந்து பஸ். இறங்கி நடக்கும்போதே நெஞ்சு அடைத்தது. அதே சரிவு, அதே நிரை, அதே தகரக் கூரை, அதே வரிசை வீடு. அத்தை வாசலில் நின்றார், அப்பாவின் மூக்கு. உட்கார வைத்து ரொட்டி தட்டினார், கட்டைச் சம்பல் அரைத்தார். அத்தையின் பேரன் கூச்சத்தோடு சொன்னான், பள்ளிக்கூடத்தில் இவர்களை ‘சிலோன்காரங்க’ என்பார்களாம். எங்களை இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று கூப்பிட்டார்கள், இன்னும் மோசமாக ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள்.

அத்தை கேட்டது ஒரே கேள்வி. “பணிய லயத்துப் பக்கத்துல ஒரு சவுக்கு நின்னுச்சே, இருக்கா?” இருக்கிறது என்றேன். உண்மையில் எனக்கு நினைவில்லை. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். நிற்கிறது.

நாற்பது வருடம் வேறு நாட்டில் இருந்துவிட்டு ஒரு மரத்தை விசாரிக்கிறார் என்றால் அந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

17 பெப்ரவரி

சம்பளம் கேட்டவருக்கு: 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆக்கினார்கள். அதற்கு முன் 1,000 ரூபா, அதையும் பல வருடம் கத்தி 2021இல்தான் வாங்கினார்கள். குறித்த கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், இல்லையென்றால் அரைப்பேர். எல்லாரும் மாதம் இருபத்தைந்து நாள் வேலை கிடைப்பதாக நினைத்துப் பெருக்குகிறார்கள். என் தம்பிக்குப் போன மாதம் பதினாறு நாள்.

தம்பி ஏன் இன்னும் தோட்டத்தில் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்மா ஓய்வு பெற்றாயிற்று. வீட்டில் ஒருவராவது பேர் போட்டால்தான் காம்பரா நிற்கும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவன் கொழும்பில் ஒரு கடையில் நல்ல வேலையில் இருந்தவன், அதை விட்டுவிட்டு வந்தான். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

18 பெப்ரவரி

எங்கள் சாமி ரோதமுனியைப் பற்றி ஒருவர் கேட்டது சந்தோஷம். ஆமாம், ஸ்டோரில் ரோதை, அதாவது சக்கரம், சுற்றுகிற இடத்தில் அவருக்குச் சூலம் உண்டு. மிசினில் கை போகாமல் காக்கிறவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் கவ்வாத்துச்சாமி. கவ்வாத்துக் கத்தி வழுக்கினால் கணுக்காலில்தான் இறங்கும், அப்பாவுக்கு அப்படி ஒரு தழும்பு உண்டு, அதனால் முதல் செடி வெட்டும்முன் தேங்காய் உடைத்துக் கும்பிடுவார்கள். மாரியம்மனைப் பூட்டன் துறையூரிலிருந்து கொண்டுவந்தார். ரோதமுனியும் கவ்வாத்துச்சாமியும் துறையூரில் கிடையாது. இங்கேதான் பிறந்தார்கள்.

தோட்டத்துக்குப் பெயரும் அப்படித்தான். துரைமார் டன்சினேன், ஹோலிரூட், பல்மோரல் என்று தங்கள் ஸ்கொட்லாந்தை நினைத்து வைத்தார்கள். எங்கள் சனம் ஓடையையும் பாறையையும் பெரிய கங்காணியையும் வைத்துத் தங்கள் பெயரைப் போட்டது. என் பாட்டிக்கு எங்கள் தோட்டத்தின் ஆவணப் பெயர் சாகும்வரை தெரியாது. தெரியத் தேவையும் வரவில்லை. எங்களுக்குள் மேட்டு லயம், பணிய லயம், தகர லயம், தொங்கக் காம்பரா என்றால் போதும், இருட்டிலும் போய்ச் சேரலாம்.

9ஆம் திகதி விலாசமே கிடையாது என்று எழுதினேன். மாற்றிக்கொள்கிறேன். விலாசம் இருந்தது. தபால்காரருக்குத்தான் அது தெரியாது.

22 பெப்ரவரி

நாலு நாளாக எழுதவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தேன், ஒரு குறை உறுத்துகிறது.

டோர்ச் லைட்டோடு மாமா வந்தார் என்று எழுதினேன். அது நடந்தது. ஆனால் கடைசி இரண்டு காம்பராக்காரர்கள் எங்கள் இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே வந்ததில்லை என்பதை எழுதவில்லை. கங்காணி ஆள் கட்டும்போது தன் ஊர், தன் சாதி, சொந்தபந்தம் என்றுதான் கட்டினான். லயத்தையும் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார்கள். விடியக்காலை தப்பு அடித்து எல்லாரையும் எழுப்பிய தாத்தாவுக்கு, அவர் என் தாத்தா இல்லை, எங்கள் வீட்டில் தேத்தண்ணி தனி டம்ளரில். நான் சின்னப்பிள்ளையாக அந்த டம்ளரை எடுத்துக் குடித்து அடி வாங்கியிருக்கிறேன். பாட்டியைத் தூக்கிப்போன தூளியில் ஒரு முனையைப் பிடித்தது அவருடைய மகன். அன்றைக்கு யாரும் சாதி கேட்கவில்லை. அடுத்த நாள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தது அதே டம்ளரில்தான்.

ஒரே கூரை என்று இதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும். நானும் சொல்லாமல் விட்டேன்.

23 பெப்ரவரி

இன்னொரு கேள்வி: தோட்டத்துக்கு ஏன் சாலை இல்லை, உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை ஏன் போட்டுத் தரவில்லை?

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டத்துக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க இடம் வைக்கவில்லை. தோட்டத்தைத் தனியார் இடம் போலத்தான் பார்த்தார்கள். நாங்கள் சபைக்கு வாக்குப் போடலாம், ஆனால் சபை எங்கள் வாசலில் ஒரு பல்பு போட முடியாமல் இருந்தது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் பணிய லயத்துக்குப் போகும் வழி இன்னும் வெள்ளைக்காரன் காலத்துக் கல்தான். மழையில் அம்மா ஒரு கையில் குடையும் ஒரு கையில் செருப்புமாக இறங்குவார்.

1 மார்ச்

நேற்று ஒரு காரியம் செய்தேன். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். உறையில் அம்மா பெயர், இலக்கம் 4, பணிய லயம், டிவிசன், எங்கள் சனம் வைத்த பெயர், அதன் கீழே துரை வைத்த பெயர், தலவாக்கலை. தபால் பெட்டியில் போடும்போது கை நடுங்கியது. 46 வயதில் முதல் தடவை என் வீட்டுக்கு முழு விலாசம் எழுதினேன்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. காமன் கூத்துக்கு வருகிறேன், கருவாடு வாங்கி வைக்க வேண்டாம், நான் கொண்டு வருகிறேன் என்று.

3 மார்ச்

மாசிப் பிறை பார்த்து நேற்று காமன் ஊன்றிவிட்டார்களாம். தம்பி போட்டோ அனுப்பினான். தெரியாதவர்களுக்கு: லயத்துக்கு முன்னால் ஒரு மேடை கட்டி, கம்பு நட்டு, தினமும் இரவு தப்படித்துப் பாட்டு. ரதி, மன்மதன் கல்யாணம், தக்கன் யாகம், சிவன் தவம், கடைசியில் நெற்றிக்கண் திறந்து காமனை எரிப்பது. ரதி புலம்புவாள். அப்புறம் உயிர்ப்பித்துக் கொடுப்பார்கள். ஆண்தான் ரதி வேஷம். எங்கள் டிவிசனில் ரதி கட்டுகிறவர் சவூதியில் ஏழு வருடம் லொறி ஓட்டியவர், இந்த மாதத்துக்கு லீவு போட்டு வருவாராம் அப்போதெல்லாம்.

எரிகிற இரவுக்கு வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாம் வருவார்கள். கொழும்பு சாப்பாட்டுக் கடைகளிலும், நகைக்கடைகளிலும், காமெண்ட்ஸ் என்கிற ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம்.

6 மார்ச்

‘அவ்வளவு பாசம் இருந்தால் லயத்திலேயே இருங்கள், ஏன் வீடு கேட்கிறீர்கள்’ என்று ஒருவர்.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் போக அந்தச் சனத்துக்கு வேறு அங்குலக் காணி கிடையாது. அன்று நான் வகுப்பில் நின்று அழுதேன். எங்கள் பணிய லயத்துக்கு மேலேயும் அப்படி ஒரு சரிவுதான்.

நாங்கள் கேட்பது அதே மலையில், அதே பீலிக்குப் பக்கத்தில், எங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிய காணி. வீட்டுத் திட்டம் வந்த இடங்களில் 7 பேர்ச்சஸ் கொடுத்தார்கள். சதுர அடியில் சுமார் 1,900. இந்திய அரசு உதவியில் முதலில் 4,000 வீடு, பிறகு இன்னும் 10,000 என்று அறிவித்தார்கள். எங்கள் டிவிசனுக்கு இருபது வீடு வந்தது, அறுபதுக்கு மேல் குடும்பம். அம்மா பெயர் பட்டியலில் இல்லை.

கிடைத்தவர்களைப் பார்த்தேன். மதில் இல்லாத தனித்தனி வீடு, சன்னல், பூச்செடி. மூன்றாம் காம்பரா மாமாவுக்கு ஒன்று கிடைத்தது. முதல் மாதம் தூக்கம் வரவில்லை என்றார், பக்கத்து வீட்டு இருமல் கேட்கவில்லையாம். இப்போது பழகிவிட்டது. திரும்பி லயத்துக்கு வருவீர்களா மாமா என்று கேட்டேன். “பைத்தியமா புள்ள?” என்றார்.

16 மார்ச்

போய் வந்தேன். காமன் எரித்தார்கள். பெய்துகொண்டிருந்த மழை எரிக்கும் நேரத்துக்கு விட்டது. சேரம்பாடி அத்தையின் பேரனும் வந்திருந்தான், விசா எடுத்து, பாஸ்போட் எடுத்து, முதல் தடவையாக. அவனைச் சவுக்கு மரத்தடியில் நிறுத்தி போட்டோ பிடித்து அத்தைக்கு அனுப்பினோம். அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ‘மரம் தெரியுது, புள்ளதான் தெரியல’ என்றாராம்.

தப்பு அடித்த தாத்தா இல்லை, அவர் மகன் அடித்தார். எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார், உள்ளே உட்கார்ந்து. அம்மா எல்லாருக்கும் கொடுக்கிற டம்ளரில்தான் தேத்தண்ணி கொடுத்தார். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது. பதினொரு நாள். ஆபீஸ் வழியாகத்தான் வந்தது, ஆனால் பெரட்டில் பெயர் கூப்பிடவில்லை. ஒரு புதுப் பொடியன் உறையைப் படித்துப் பார்த்து, பணிய லயம் தேடி, நாலாம் காம்பராவில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான்.

அங்கேதான் பிழை. நாலாம் காம்பரா எங்களுடையது இல்லையாம். நான் கோயில் பக்கமிருந்து எண்ணினேன், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஆபீஸ் சாலைப் பக்கமிருந்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் நாங்கள் ஒன்பது. நாலாம் வீட்டு அக்கா உடைத்துப் படித்துவிட்டு, “ஒங்க மக கருவாடு கொண்டு வாராளாம்” என்று பீலியில் சொல்லித்தான் அம்மாவுக்குச் செய்தி போயிருக்கிறது. கடிதத்தை அப்புறம்தான் கொடுத்திருக்கிறார்.

அம்மாவிடம் எது சரி என்று கேட்டேன். கோயில் பக்கமிருந்துதான், லயம் கட்டும்போது முதலில் குடி வந்தவர்கள் அந்தப் பக்கம்தான் என்றார். தம்பி இல்லை என்கிறான், மின்சார பில்லில் ஒன்பது என்றுதான் இருக்கிறதாம். இரவு இரண்டு மணி வரைக்கும் அதுதான் பேச்சு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஐந்தாம் காம்பரா அண்ணனும் சேர்ந்துகொண்டார்.

இன்று இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். இலக்கம் 4, பக்கத்திலேயே கோடு போட்டு 9.